வாசலில் கழற்றாத கால்

என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். என் கண்டுபிடிப்புக்குப் பேடன்ட், அதாவது காப்புரிமை, கிடைக்குமா? பெரும்பாலும் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். கிடைக்காது என்று தோன்றினால் கிடைக்காது என்றே சொல்வேன், சுற்றி வளைக்க மாட்டேன். அதனால் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. பதினெட்டு வருடத்தில் என் கணிப்பு தவறியது மிகக் குறைவு. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் இல்லை.

ஆபீஸ் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில். கீழே ரவிக்கைத் துணி விற்கிற ஒரு மேட்சிங் சென்டர். வாசலில் வரிசையாகத் தையல் மெஷின்கள், நாள் முழுக்கப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். படிக்கட்டு முடிகிற இடத்தில், என் கதவுக்கு வெளியே, "காலணிகளை இங்கே விடவும்" என்று ஒரு பலகை. ஆபீஸ் திறந்த அன்றே நான் மாட்டியது. மயிலாப்பூர் கத்தோலிக்கப் பங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் கோயிலில் பூசைக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். வெளியே போட்ட செருப்போடு ஒருவர் உள்ளே வந்தால் எனக்குப் பேச்சே வராது, எரிச்சல்தான் வரும்.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் அவர்கள் கடைப் பெயர் போட்ட துணிப்பை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெரிய ஜவுளிக் கடை அவர்கள் குடும்பத்துடையது. தென் மாவட்டத்திலிருந்து வந்து அப்பா ஆரம்பித்தது, இப்போது மூன்று அண்ணன் தம்பிகள் நடத்துகிறார்கள், இவர் கடைசி. உட்கார்ந்தவர் பையைத் திறக்கவில்லை, கேள்வியையும் கேட்கவில்லை.

"நான் உள்ள வந்ததைக் கவனிச்சீங்களா மேடம்?" என்றார்.

"வந்தீங்க, உக்காந்தீங்க. வேற என்ன?"

அந்தப் பதில் அவருக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. சிரித்துக்கொண்டே இடது கால் பேன்டை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலிலிருந்து பாதத்தின் அடிவரை கறுப்பாக, பளபளவென்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் போலியோ வந்து பாதம் தொங்கிவிட்ட கால் அது. அதைத் தூக்கிப் பிடிக்கிற கருவியைத்தான் எல்லோரும் காலிபர் என்கிறோம். வழக்கமான காலிபர் ஷூவோடு சேர்ந்தது. இரும்பானாலும் கார்பன் ஃபைபரானாலும் கீழே ஒரு ஷூ இருந்தால்தான் வேலை செய்யும். ஷூவைக் கழற்றினால் காலும் போச்சு. அப்புறம் சுவரைப் பிடித்து நடக்க வேண்டும், அல்லது யாராவது தோள் கொடுக்க வேண்டும். இவர் செருப்பை என் பலகைக்குக் கீழே விட்டுவிட்டு, வெறுங்காலோடு, யார் கையையும் பிடிக்காமல் உள்ளே நடந்து வந்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

கார்பன் துணியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பார்ப்பதற்குக் கறுப்பு சூட்டிங் துணி மாதிரி இருக்கும். ரெசின் என்கிற பிசினில் நனைத்து, அச்சின் மேல் அடுக்கடுக்காகப் போட்டு, அடுப்பில் வேகவைத்தால் கல்லாகிவிடும். பிறகு ஓரத்தை அறுத்துச் சரிசெய்வார்கள். அறுத்த ஓரத்தில் இழைகளின் நுனி தெரியும். ஷூவுக்குள் இருக்கிறவரை அதனால் தொந்தரவில்லை. வெறுங்காலோடு கழுவிவிட்ட தரையிலும் கோயில் பிராகாரத்திலும் நடந்தால் அந்த நுனிகள் வழியாகத் தண்ணீரும் மணலும் உள்ளே போய், அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். அம்பத்தூரில் பைக் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையின் அடுப்பைக் கெஞ்சி வாங்கி, அவர் அப்படி ஒன்பது காலிபர் செய்து உடைத்திருக்கிறார்.

பத்தாவது உடையவில்லை. கடையில் இருக்கிற டைலர் ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த யோசனை என்றார். ஓரத்தில் ஒரு மெல்லிய கயிற்றை வைத்து, துணியை அதன்மேல் மடித்துத் தைப்பார்களே, அதுதான். வேகவைப்பதற்கு முன்பே கார்பன் துணியின் ஓரத்தை ஒரு கண்ணாடி இழைக் கயிற்றைச் சுற்றி மடித்துவிட்டார். வெளியே இழை நுனியே இல்லை. ஓரம் உருண்டையாக இருந்ததால் காலையும் அறுக்கவில்லை. அவர் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. விரல் பக்கம் ஒரு சின்ன வில்போல் வளைந்து கொடுத்து, அடுத்த அடிக்குத் தள்ளிவிட்டது.

பையில் இருந்தது ஒரு பழைய பில் புத்தகம். அதன் பின்பக்கங்களில் பெயர், போன் நம்பர், பாதத்தின் அளவு. கோயிலில் தன் காலைப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டவர்களாம். அவரே டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். கிண்டியில் ஒரு மருத்துவக் கருவி கம்பெனி செய்து தரத் தயார், ஆனால் பேடன்ட் இருந்தால்தான். இல்லையென்றால் நாளைக்கே வேறொருவன் காப்பியடிப்பான், அச்சுக்கும் அடுப்புக்கும் நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். ஆக, பேடன்ட் இல்லாவிட்டால் உலகத்திலேயே இந்தக் கால் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவரிடம்.

"எங்க அண்ணன் சொல்லுதாங்க, இதுல என்னடா இருக்கு, நம்ம டைலர் செய்யுததுதானன்னு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கேட்டதுதான் சட்டமும் கேட்கிற கேள்வி. புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு அது தானாகவே தோன்றியிருக்கக் கூடாது. அந்த ஒருவர் நிஜ ஆள் இல்லை, சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள். துறையில் வந்த எல்லாவற்றையும் படித்திருப்பார், எதையும் மறக்க மாட்டார், ஆனால் சொந்தமாக ஒரு கற்பனையும் கிடையாது. அவரோடு பதினெட்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். வீட்டில் என் கணவரைப் பற்றி யோசித்ததைவிட அவரைப் பற்றி யோசித்ததுதான் அதிகம்.

என் பத்து நிமிடம் அன்று மூன்று நாளாயிற்று. விடையைத் தெரிந்துகொண்ட பிறகு கேள்வியைப் பார்த்தால் எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். கீழே இறங்கினால் பத்து மெஷினிலும் பைப்பிங் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டைலருக்கு இது சின்ன விஷயம். ஆனால் டைலரா காலிபர் செய்கிறார்? தரமணியில் ஒரு கல்லூரியில் கார்பன் ஃபைபர் பாடம் எடுக்கிற என் வகுப்புத் தோழனுக்குப் போன் போட்டேன். விடையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டேன். ஓரம் பிரிகிறது, என்ன செய்வாய்? தடிமனைக் கூட்டுவேன் என்றான். ஓரத்துக்கு ரெசின் பூசுவேன், ரப்பர் பட்டி ஒட்டுவேன் என்றான். மடிப்பாயா என்று கேட்டேன். பைத்தியமா உனக்கு, மடித்தால் இழை ஒடிந்துவிடும், காற்றுக் குமிழி நிற்கும், முதல் வருடப் பையனுக்கே தெரியும் என்றான்.

அந்தத் திட்டு எனக்குத் தேனாக இனித்தது. துறை தெரிந்தவன் எதைச் செய்யவே கூடாது என்கிறானோ, அதைத்தான் இவர் செய்திருக்கிறார். தானாகத் தோன்றுகிற காரியம் இல்லை இது. கிடைக்கும் என்று அவருக்குப் போன் செய்து சொன்னேன். "கிடைக்கலாம்" என்று சொல்வதுதான் எங்கள் தொழில் வழக்கம். நான் "கிடைக்கும்" என்றேன்.

விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். முதல் பக்கத்தில் இதுவரை இருந்த குறை என்ன என்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு வாக்கியம், எழுதும்போது இரண்டாம் தடவை யோசிக்கக்கூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வீட்டுக்குள்ளும் வழிபாட்டு இடங்களிலும் காலணியைக் கழற்றுவது வழக்கமாதலால், இத்தகைய கருவிகள் அங்கெல்லாம் பயன்படாமல் போவது யாவரும் நன்கு அறிந்த குறை.

ஒன்றரை வருடம் கழித்து பேடன்ட் ஆபீஸிலிருந்து ஆய்வறிக்கை வந்தது. கண்டுபிடிப்பு தானாகத் தோன்றக்கூடியதே என்று ஆட்சேபணை. இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தார்கள். ஒன்று வெளிநாட்டில் செய்த கார்பன் காலிபர். இன்னொன்று ஓரத்தில் கயிறு வைத்து மடித்த ஏதோ ஒரு ரெக்ஸின் பை. இரண்டையும் பார்த்து நான் பயப்படவில்லை. இந்த மாதிரி ஜோடியை எத்தனையோ தடவை பிரித்துவிட்டிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று இருந்தது. விண்ணப்பதாரரே முதல் பக்கத்தில் இது யாவரும் நன்கு அறிந்த குறை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே குறையும் தெரிந்தது, தீர்வின் பாகங்களும் தெரிந்தவை, சேர்த்தது மட்டுமே இவர் வேலை.

புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்வது, விண்ணப்பத்தில் "நன்கு அறிந்த" என்று எதையும் எழுதாதே என்பதுதான். எழுதினால் அது உன் கட்சிக்காரரின் வாக்குமூலம். அதை நானே எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன்? செருப்பைக் கழற்றுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. ஒரு சின்ன ஆட்சேபணை, பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பதில் எழுதி அனுப்பினேன். அது போதவில்லை, ஹியரிங்குக்கு நாள் குறித்தார்கள். இப்போதெல்லாம் ஹியரிங் வீடியோவில்தான். என் மேஜையில் லேப்டாப், பக்கத்து நாற்காலியில் அவர். பத்தாவது காலிபரைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தோம், கேமராவில் காட்டுவதற்கு. கீழே ஹாரன் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தியிருந்தேன்.

முடிவு சொல்ல வேண்டிய அதிகாரி நிதானமானவர், குரலை உயர்த்தாதவர். முதல் பாதி எனக்குச் சொந்தம். அவர்கள் காட்டிய வெளிநாட்டு ஆவணத்தையே எடுத்தேன். ஓரத்தில் துணியை மடிக்கக் கூடாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது. அதைப் படித்தவர் எப்படி ரெக்ஸின் பையைத் தேடிப் போவார் என்று கேட்டேன். மடிக்காதே என்று சொல்கிற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மடித்திருக்கிறார் என் கட்சிக்காரர் என்றேன். அதிகாரி குறித்துக்கொண்டார். அடுத்து, நான் தயார் செய்து வைத்திருந்த பெரிய வாதம். இது யாவரும் அறிந்த குறை என்றால், இத்தனை காலம் ஏன் ஒருவரும் தீர்க்கவில்லை? என் தவறையே ஆயுதமாக்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே கர்வம்.

அதிகாரி என் முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தார். பிறகு கேட்டார். யாவரும் என்றால் யார்? காலிபர் செய்கிறவர்களுக்குத் தெரியும் என்பதற்கு ஒரு தாள் காட்டுங்கள், காலம் காலமாகத் தேவை இருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். தாள் இல்லையென்றால் உங்கள் வாக்கியம் மட்டும்தான் மிஞ்சும், அது உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

என்னிடம் தாள் இல்லை. எத்தனையோ தேடியிருந்தேன். காலிபர் செய்கிறவர்கள் எழுதிய எதிலும் வெறுங்கால் என்ற பேச்சே இல்லை. இல்லை என்பதை ஒரு குறையாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். பக்கத்தில் அவர். மேஜைமேல் அவருடைய கால். இனிமேலும் சாமர்த்தியம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

"அந்த வாக்கியம் என்னுடையது சார். இவர்கிட்ட கேக்காம நானா எழுதினது. எனக்குத் தெரிஞ்சதை எல்லாருக்கும் தெரியும்னு எழுதிட்டேன். அது தப்பு" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதிகாரி தமிழுக்கு மாறி அவரிடமே கேட்டார், நீங்க சொல்லுங்க, யாருக்குத் தெரியும் என்று.

"பன்னெண்டு வயசுல முதல் காலிபர் மாட்டினப்பவே கேட்டேன் சார், வீட்டுக்குள்ள எப்படி நடக்கன்னு. வீட்லயும் ஷூ போட்டுக்கோன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ இடம் மாறிட்டேன், எல்லா இடத்துலயும் அதேதான். அவங்களுக்கு இது ஒரு குறையாவே தெரியலை சார். மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும்."

இரண்டு வருடமாக இவர் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. துறை தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சொன்ன தீர்வு, செருப்பைக் கழற்றாதே என்பது. சட்டம் கற்பனை செய்துகொண்ட அந்த ஆள் கடைசிவரை ஷூவோடுதான் இருந்திருக்கிறார். குறை கண்ணில் பட்டால்தானே தீர்வு தோன்றும்.

அதை எழுத்தில் கொடுங்கள், பிரமாண வாக்குமூலமாக, ஆதாரம் இருந்தால் அதோடு சேர்த்து என்று சொல்லி அதிகாரி முடித்துக்கொண்டார். பதினைந்து நாள் அவகாசம். என் கட்சிக்காரர் மறுநாளே வந்தார். அவருடைய அம்மா எதையும் தூக்கிப்போடாத மனுஷி. பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் ஒரு புடவைப் பெட்டியில் இருந்திருக்கின்றன. நான்கு வெவ்வேறு இடத்துச் சீட்டுகளில், வெவ்வேறு கையெழுத்தில், வீட்டுக்குள்ளும் காலணி அணியவும் என்ற அதே வரி. நான்கையும் நகலெடுத்து இணைத்தேன். என் வாக்கியத்தைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதினேன், பூசி மெழுகாமல்.

உத்தரவு வந்தபோது மயிலாப்பூரில் மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். போனில் திறந்து, மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பேடன்ட் வழங்கப்படுகிறது. கீரைக்காரம்மா இரண்டு தடவை கட்டு எத்தனை என்று கேட்டிருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை. அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தேன். அவர் கடையில் யாரோ பட்டுப் புடவை விலை கேட்பது மட்டும் கேட்டது. பிறகு, பில் புத்தகத்தை எடுத்துக்கிட்டு கிண்டிக்குப் போறேன் மேடம் என்றார்.

இந்த வருடம் அவருடைய பெரிய அண்ணன் மகளுக்குக் கல்யாணம், வடபழனியில். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். மண்டப வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருந்தது. உள்ளே போனபோது அண்ணனே எதிரே வந்து கைகூப்பினார். நல்ல உயரம், பட்டு வேட்டி, காலையிலிருந்து கத்திக் கத்திக் கட்டிப்போன குரல். அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் யார் என்று தெரிந்ததும் கேட்டார்.

"அப்படி என்ன மேடம் இருக்கு அதுல? நம்ம டைலர் செய்யுததுதான?"

இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி பட்டென்று சொன்னேன். "டைலர் முப்பது வருஷமா உங்க கடையிலதான் இருக்கார். தம்பி உங்க வீட்லதான் இருக்கார். உங்களுக்கு ஏன் தோணலை?"

சொல்லி முடித்ததும், கல்யாண வீட்டில் இது தேவையா என்று எனக்கே தோன்றியது. அவர் கோபப்படவில்லை. மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே அவருடைய தம்பி, பட்டு வேட்டியைச் சற்றுத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு அக்னியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்து ஈரமாகக் கிடந்த பலகையில் வெறுங்கால். வேட்டிக்குக் கீழே கறுப்பாக ஓரம் தெரிந்தது. போட்டோக்காரர் நகரச் சொன்னார், நகர்ந்தார். ஒருவரும் அவர் காலைப் பார்க்கவில்லை.

"எந்தக் கல்யாணத்துக்கும் மேடைக்குக் கீழ அவனுக்கு ஒரு சேர் போட்டுருவேன் மேடம். நல்ல சேரா, முன்னால, நானே பாத்துப் போடுவேன். எனக்குத் தோணினது அதுதான்" என்றார் அண்ணன். "இன்னிக்கும் பழக்கத்துல போட்டுட்டேன். காலையிலேர்ந்து காலியாத்தான் கெடக்கு."

முன்வரிசைக்கும் முன்னால், தனியாக, வெள்ளைத் துணி போர்த்திய ஒரு நாற்காலி இருந்தது. நானே போய் அதில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல இடம்தான். மேடை முழுவதும் தெரிந்தது.